கிளை விவரக் குறிப்பு

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.
அடுத்து வருபவருக்காக
ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும்,
மண்டல அலுவலகம் அனுப்பிய படிவத்தில்.

ஊர் பண்ருட்டி. மாவட்டம் கடலூர்.
கடல் இங்கே இல்லை,
கிழக்கே பேருந்தில் ஒரு மணி நேரம்.
அதன் காற்று மட்டும் சாயங்காலம் வந்து
வவுச்சர்களைக் கலைத்துவிட்டுப் போகும்.

மண்ணின் வகை என்றொரு கட்டம்.
செம்மண் என்று எழுதினேன்.
மூன்று வருஷம் துவைத்தும் புடவை ஓரத்தை விடாத நிறம்
என்று எழுத அதில் இடமில்லை.

முக்கியப் பயிர்கள்: முந்திரி, பலா,
ஆற்றுப் பக்கம் கரும்பு,
மானாவாரியில் வேர்க்கடலை.
முதல் வாரம் அப்படிச் சொன்னபோது
கவுண்டரில் நின்றவர் திருத்தினார்,
'மல்லாட்டைங்க.'
வாங்கிய கடனை அவர் கட்டி முடித்துவிட்டார்.
அவரிடம் நான் வாங்கிய சொல்
என்னிடமே நிற்கிறது.

ஜூன் மாதத்தில் ஷட்டரைத் தூக்கும்போதே தெரியும்.
பணக்கட்டு, ரப்பர் ஸ்டாம்ப், ஏ.டி.எம். அறை
எல்லாம் பலா வாசம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு ரொக்கம் எண்ணிய
தணிக்கையாளர் ஒருவர்
இரண்டு முறை எண்ணிக்கையைத் தவறவிட்டார்.
திரும்பிப் போகையில் அவர் கார் டிக்கியில்
பதினெட்டுக் கிலோவில் ஒன்று.
அறிக்கையில் அதை அவரும் எழுதவில்லை,
நானும்.

ஹாஜா நஜிமுதீன் மண்டியில்
பழத்தைத் தட்டி விலை சொல்லும் தணிகாசலத்துக்கு
ஒரு காது கேட்காது.
கேட்கிற காது பழத்துக்கு.
பேரம் பேசுகிறவர்களுக்கு மற்றது.

தொழில்: முந்திரி உடைப்பு.
காடாம்புலியூரிலிருந்து வரும் அஞ்சலாட்சிக்கு
விரலில் ரேகை இல்லை.
தோட்டின் எண்ணெய் தின்றுவிட்டது.
இயந்திரம் ஏழு முறை சிவப்பு காட்டியது.
'நான்தாம்மா' என்றாள்,
என்னிடம் இல்லை, இயந்திரத்திடம்.
கணக்கில் இருந்தது நாலாயிரத்து நூற்றுப் பத்து.
எடுக்க வந்தது முந்நூறு.

பழத்துக்கு வெளியே தொங்கும் கொட்டையை
இங்கேதான் முதலில் பார்த்தேன்.
வகுப்பில் கேள்வி முடியுமுன் எழுந்து நின்ற என்னை
தென்காசி டீச்சர் 'முந்திரிக்கொட்டை' என்றது
முப்பது வருஷம் கழித்துப் புரிந்தது.

இயற்கை இடர்கள்.
தானே புயலடித்தபோது நான் இங்கில்லை.
பழைய கோப்புகள் இருந்தன.
மரங்கள் நூற்று நாற்பது, விழுந்தவை நூற்று நாற்பது.
மரங்கள் அறுபத்திரண்டு, விழுந்தவை அறுபத்திரண்டு.
எழுதத் தெரியாதவர்களுக்காக
எழுத்தர் ஒருவரே உட்கார்ந்து நிரப்பிய விண்ணப்பங்கள்.
பதினோராவது தாளுக்கு மேல்
விழுந்தவை என்ற சொல்லில் 'ழு' தேய்ந்து
வெறும் கோடாகிவிடுகிறது.

சென்ற மாசியில் ராசாங்கமும் அவர் தம்பியும்
ஒரு பாகப் பத்திரத்தோடு வந்தார்கள்.
வரப்பில் நிற்கும் பலாவில்
இரண்டாம் கிளை வரை மூத்தவருக்கு,
அதற்கு மேலே இளையவருக்கு,
நிழல் இருவருக்கும் பொது.
அதன்மேல் கடன் கேட்டார்கள்.
புதுக் கிளை விட்டால் யாருக்கு என்று கேட்டேன்.
'அதுக்குத்தாங்க சண்டையே' என்றார் தம்பி.
கொடுக்க முடியவில்லை.
மறுநாள் மேசைமேல் பாதிப் பழம் இருந்தது.
யாருடைய பாதி என்று
பியூன் கேட்டு வைக்கவில்லை.

குடிநீர் வசதி?
வீராணத்துத் தண்ணீர் சாலைக்கடியில்
சென்னைக்குப் போகிறது.
குழாய் கசியும் இடத்தில்
இரண்டு வாத்துகள் குடியிருக்கின்றன.

பிற குறிப்புகள்:
லாக்கர் அறைக் கதவை
ஒருமுறை தூக்கித்தான் தள்ள வேண்டும்.
வாராக் கடன் பட்டியல் இணைப்பில்.
சுளை எடுக்குமுன் கையில்
எண்ணெய் தடவிக்கொள்ளவும்.
நான் இன்று மறந்துவிட்டேன்.
இந்தத் தாளின் வலது ஓரத்தைப்
பிரிக்க முடியாவிட்டால்
அது அலுவலகப் பசை அல்ல.